பழஞ்சுவடித் தாளில் தீட்டப்பெறும் இராஜஸ்தானப் பக்திச் சிற்றோவியங்கள்: படத்தின் அடியிலுள்ள ஏடு

ஆய்வுச் சுருக்கம்

ஜெய்ப்பூர், உதயப்பூர் முதலிய இராஜஸ்தான நகரங்களில் பழைய கையெழுத்துச் சுவடி ஏடுகள், வணிகர் கணக்கேடுகள், சமஸ்தான முத்திரைத்தாள்கள் ஆகியவற்றின்மீது கண்ணன், ஸ்ரீநாத்ஜி, விநாயகர் முதலிய தெய்வ வடிவங்களைத் தீட்டி விற்கும் வழக்கம் உள்ளது. இத்தகைய தாள் ஒவ்வொன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரண்டு ஆவணங்கள் என்பதும், அவற்றுள் அடியிலுள்ள எழுத்தாவணமே அழிவுக்கும் பிழையான வாசிப்புக்கும் உள்ளாகின்றது என்பதும் இக்கட்டுரையின் கருத்து. மரபான சிற்றோவியத்தில் எழுத்தும் படமும் கொண்டிருந்த உறவு, மறுபயன்பாட்டுத் தாளில் அவ்வுறவு மாறும் விதம், இரண்டையும் வேறுபடுத்தி அறியும் அடையாளங்கள், சட்டநிலை, பட்டியலிடும் முறை ஆகியன ஆராயப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: சிற்றோவியம், தாள் சுவடி, மறுபயன்பாடு, வசலி, பாரசீக ஏடு, மகாஜனி எழுத்து, சுவடிப் பட்டியல்

முன்னுரை

தமிழ்ச் சுவடிகள் அழிந்த வரலாறு நாம் அறிந்ததே. கரையானும் ஈரமும் தின்றவை ஒருபுறமிருக்க, ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்டவையும் தீயில் இடப்பட்டவையும் பல. உ. வே. சாமிநாதையர் தம் எழுத்துகளில் இவ்விழப்புகளை வருத்தத்தோடு பதிந்து வைத்துள்ளார். இவையெல்லாம் ஏடு கண்ணிலிருந்து மறையும் இழப்புகள். வட இந்தியத் தாள் சுவடிகளுக்கு இக்காலத்தில் நேரும் இழப்பொன்று இவற்றினின்று வேறுபட்டது. அதில் ஏடு மறைவதில்லை. கண்ணாடிச் சட்டத்துள் அமைந்து சுவரில் தொங்குகின்றது. அதன் நடுவே கண்ணன் குழலூத, இருமருங்கும் பழைய எழுத்து வரிகள் தெரிகின்றன. காண்போர் அவ்வரிகளைக் கண்ணனைப் பற்றிய சுலோகம் என்றே பெரும்பாலும் கொள்கின்றனர். அவை நிலவரிக் கணக்காக இருக்கலாம். மருத்துவ நூலின் நடுப்பகுதியாக இருக்கலாம். வேறொரு சமயத்தாரின் தொழுகை நூலாகவும் இருக்கலாம்.

இராஜஸ்தானத்துக்குச் சென்று வந்தோர் இல்லங்களிலும், நாடெங்கும் உள்ள கைவினைப்பொருள் கடைகளிலும் இவ்வகை ஓவியங்களைக் காணலாம். ‘தாள் பழையது, ஓவியம் புதியது’ என்று கூறி விற்போர் நேர்மையுடையோர். இரண்டும் பழையவை என்று கூறி விற்போரும் உளர். போலி, உண்மை என்னும் பிரிவினையே கலைச்சந்தையில் பெரிதும் பேசப்படுகின்றது. சுவடியியல் நோக்கில் அவ்வினாவைவிட முதன்மையானது வேறொன்று: அந்தத் தாள் எந்த நூலிலிருந்து வந்தது, அந்நூலின் எஞ்சிய ஏடுகள் எங்கே உள்ளன என்பதே அது.

தாள்களின் வகை

மறுபயன்பாட்டுத் தாள்கள் அனைத்தையும் ஒருதரமாகக் கொண்டு கண்டிப்பது முறையன்று. அவற்றுள் குறைந்தது மூன்று வகை உண்டு.

முதல்வகை, சமஸ்தானங்களின் முத்திரைத்தாள். ஜெய்ப்பூர், ஜோத்பூர், மேவார், பூந்தி முதலிய அரசுகள் நீதிமன்றக் கட்டணத்துக்கும் பத்திரப் பதிவுக்கும் தத்தம் முத்திரைத்தாள்களை வெளியிட்டன. தாளின் மேற்பகுதியில் அரசச் சின்னமோ மன்னர் உருவமோ அச்சிடப்பெற்றிருக்கும். கீழ்ப்பகுதி எழுதுவதற்கு உரியது. 1948, 1949 ஆகிய ஆண்டுகளில் சமஸ்தானங்கள் இணைந்து இராஜஸ்தானம் உருவானபின் இத்தாள்கள் பயனற்றுப் போயின. எழுதப்படாமல் எஞ்சிய முத்திரைத்தாளில் ஓவியம் தீட்டுவதால் எழுத்திழப்பு ஏதும் இல்லை. பத்திரம் எழுதப்பெற்ற தாளாயின் நிலைமை வேறு. ஆயினும் ஒவ்வொரு பத்திரமும் தனித்து நிற்கும் ஆவணமாதலால், ஒரு தாளின் இழப்பு மற்றொன்றைப் பொருளற்றதாக்குவதில்லை.

இரண்டாம் வகை, ‘பகி’ எனப்படும் கணக்கேடு. சிவப்புத் துணியால் பொதிந்து நீளவாட்டில் தைக்கப்பெற்ற இவ்வேடுகளில் மார்வாரி வணிகர் தம் வரவு செலவுகளையும் உண்டியல் பரிமாற்றங்களையும் எழுதினர். பெரும்பாலானவை மகாஜனி என்னும் வணிக எழுத்தில் அமைந்தவை. அவ்வெழுத்தில் உயிர்க்குறிகளைப் பொதுவாக இடுவதில்லை. மெய்களை மட்டும் கண்டு சொல்லை ஊகித்துக் கொள்ள வேண்டும். தொழிலுக்குள் வளர்ந்தோர்க்கு அது எளிது, பிறர்க்கு அரிது. வணிகக் குடும்பங்களின் இளந்தலைமுறையினர் நாகரியும் ஆங்கிலமும் பயின்றபின், தம் பாட்டனார் கணக்கைத் தாமே படிக்க இயலாதவராயினர். படிக்க இயலாத ஏடு எடைக்குப் போவது இயல்பு. ஒருங்குறியில் மகாஜனிக்கு இடம் கிடைத்தது 2014இல்தான். அதற்குள் எத்தனையோ பகிகள் தாள்தாளாகப் பிரிந்து போயிருந்தன.

பகியின் ஒரு தாள் தனித்துப் பொருள் தருவதில்லை. தானிய விலை, வட்டி வீதம், பஞ்ச காலக் கடன் ஆகியவற்றை அறிய உதவுவது ஆண்டுக்கணக்கில் தொடரும் பதிவே. பீகானேரில் உள்ள இராஜஸ்தான் மாநில ஆவணக் காப்பகம் சமஸ்தான அலுவலகங்களின் பகிகளைப் பேணி வருகின்றது. தனியார் வணிகக் குடும்பங்களின் பகிகளுக்கு அத்தகைய உறுதியான புகலிடம் இல்லை. 2003இல் நடுவண் அரசு தொடங்கிய தேசியச் சுவடிகள் இயக்கமும், அறிவுப் பொருண்மை கொண்ட நூல்களையே சுவடி என வரையறுத்து, வருவாய்ப் பதிவுகள் போன்ற ஆவணங்களை அவ்வரையறைக்குப் புறத்தே வைத்தது. நூற்சுவடிக்கு ஓர் இயக்கமும் அரசாவணத்துக்கு ஒரு காப்பகமும் அமைய, இரண்டுக்கும் இடையே விழுந்தது வணிகர் பகி. ஓவியச் சந்தையில் அது மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

மூன்றாம் வகையே பெருங்கவலைக்கு உரியது. அது நூற்சுவடியின் ஏடு: நாகரியில் எழுதப்பெற்ற வடமொழி, பிரஜ், இராஜஸ்தானி நூல்கள்; நஸ்தாலீக் எழுத்தில் அமைந்த பாரசீக, உருது நூல்கள். கட்டவிழ்ந்த ஒரு பாரசீகச் சுவடியை முழுதாக வாங்குவோர் சிலரே. அதன் இருநூறு ஏடுகளில் இருநூறு விநாயகரைத் தீட்டினால் வாங்குவோர் பலர். நூலைச் சிதைக்கும் கணக்கு இவ்வளவு எளியது.

மரபில் தாளும் எழுத்தும்

மரபான சிற்றோவியர் பழந்தாளைத் தேடியவர் அல்லர். அவர்க்கு உரிய தளம் வசலி. மெல்லிய கைத்தாள்கள் பலவற்றை மாவுப்பசையால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, பூச்சி அணுகாதிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்த்து, உலர்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றிய தடித்த அட்டை அது. வண்ணம் ஏறிய பின்னரும் படத்தைக் கவிழ்த்து வைத்துப் பின்புறத்தே கல்லால் தேய்ப்பர். வண்ணப் படலம் தாளோடு இறுகி ஒளிபெறுவது இத்தேய்ப்பினால். சாதிலிங்கம், அரிதாரம், அவுரிநீலம், வெண்ணிறமிகள் ஆகியவற்றைப் பிசினில் குழைத்து அடுக்கடுக்காக ஏற்றும் இம்முறைக்குத் தளத்தின் உறுதி இன்றியமையாதது. நூற்றாண்டு கடந்த ஒற்றை ஏடு அத்தேய்ப்பைத் தாங்குவதரிது. எனவே சுவடித்தாள் ஓவியங்களில் வண்ணம் தாளின் மேல் நிற்பதும், சிற்சில இடங்களில் உதிர்வதும் காணப்படும்.

எழுத்துக்கும் மரபில் வரையறுத்த இடம் இருந்தது. மேவார், மாளவச் சிற்றோவியங்களில் படத்தின் மேற்புறத்தே மஞ்சள் பட்டை ஒன்று விட்டு அதில் பாடலை எழுதுவது பெருவழக்கு. வேறு பல தொகுதிகளில் ஏட்டின் ஒருபுறம் படம், மறுபுறம் மூலபாடம். பஹாடி ஓவியர் மானக்கு 1730இல் தீட்டிய கீதகோவிந்தத் தொகுதியில் வடமொழிப் பாடல்கள் படங்களின் பின்புறத்தே உள்ளன. மேவார் மன்னர் ஜகத் சிங் காலத்தில், 1649 முதல் 1653 வரை உருவான இராமாயணத் தொகுதியில் ஹீரானந்தர் என்னும் எழுத்தர் மூலத்தை எழுத, சாஹிப்தீன், மனோகர் முதலியோர் படம் தீட்டினர். எழுத்தரும் ஓவியரும் ஒரே நூலின் பணியாளர். படம் பாடலுக்கு உரை; பாடல் படத்துக்குச் சான்று.

மற்றொன்றும் இங்குக் கருதத்தக்கது. இராதை கண்ணன் ஓவியங்களில் நிலக்காட்சி வெறும் அழகுக்காக இடம்பெறுவதன்று. கார்முகில், கடம்ப மரம், தாமரைப் பொய்கை, மயில், மின்னல் ஆகியன காதலுணர்வைத் தூண்டும் பொருள்கள் என வடமொழி அணிநூலார் வகுத்தனர். கேசவதாசர் 1591இல் இயற்றிய இரசிகப்பிரியா போன்ற நூல்கள் அவ்வகுப்பைப் பிரஜ் மொழியில் விரித்தன. ஓவியர் அவற்றைப் பின்பற்றினர். முதல், கரு, உரி என்னும் பாகுபாட்டில் பயின்ற தமிழ் வாசகர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கருப்பொருள் இன்றி உரிப்பொருள் வெளிப்படுவது அரிது.

சுவடித்தாள் ஓவியத்தில் இந்நிலக்காட்சி பெரும்பாலும் இல்லை. தலைவனும் தலைவியும் மட்டும் தாளின் நடுவே நிற்க, காடும் முகிலும் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து வரிகள் ஓடுகின்றன. பழமை தெரிய வேண்டுமென்பதற்காகவே எழுத்தை மறைக்காமல் விடுகின்றனர். விளைவு, எழுத்து படிக்கும் பொருளாக இல்லாமல் பார்க்கும் பொருளாகிவிடுகின்றது. சிற்றோவியம் என்ற பெயரும் கோட்டுத்திறனும் மரபினவாயினும், படத்தின் அமைப்பு மரபினின்று விலகியது. இதனைக் குறையென்று கூறவில்லை. புதியதொரு வகை என்று கூறுகின்றேன். அப்புதுவகைக்கு நூற்சுவடி ஒன்று ஒவ்வொரு முறையும் உணவாக வேண்டியதில்லை என்பதே சொல்லத்தக்கது. ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் காகஸி குடும்பத்தார் இன்றும் கைத்தாள் செய்கின்றனர். பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்யும் அத்தாள் ஓவியத்துக்கு ஏற்றது. தேயிலை நீரில் தோய்த்துப் புதுத்தாளுக்குப் பழநிறம் ஊட்டும் முறையும் ஓவியர் அறிந்ததே. அவ்வாறு செய்து, ஓவியர் தம் பெயரும் ஆண்டும் இட்டு விற்பின் யார்க்கும் தீங்கில்லை.

பாரசீக வரிகளும் கண்ணன் உருவமும்

இப்பொருளில் ஆய்வாளரையே வழிதவறச் செய்யக்கூடியது, பாரசீக எழுத்தின்மேல் கண்ணன் அமைந்த ஏடு. இந்து, இசுலாமியப் பண்பாட்டுக் கலப்புக்கு இதனைச் சான்றாகக் காட்டும் விழைவு எளிதில் எழும். நூல் அட்டைக்கும் கருத்தரங்க அழைப்பிதழுக்கும் இதனினும் பொருத்தமான படம் கிடைப்பது அரிது என்று தோன்றும்.

கலப்புக்கு உண்மையான சான்றுகள் உள்ளன என்பதே இங்கு எச்சரிக்கைக்குக் காரணம். அக்பர் அவையில் 1582இல் தொடங்கி மகாபாரதம் பாரசீகத்தில் ‘ரஸ்ம்நாமா’ என்னும் பெயரில் மொழிபெயர்க்கப்பெற்றது. 1580களில் அரசவை ஓவியர் தீட்டிய அதன் பெருஞ்சுவடி ஜெய்ப்பூர் அரச சேகரிப்பில் உள்ளது. அரிவம்சமும் மொழிபெயர்க்கப்பெற்று, 1590 அளவில் ஓவியங்களோடு உருவானது. கண்ணன் கோவர்த்தன மலையை ஏந்தி நிற்கும் அதன் ஏடொன்றை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் காணலாம். ஆகவே பாரசீக எழுத்தும் கண்ணன் படமும் ஓரேட்டில் அமைவதாலேயே அது மறுபயன்பாடு என்று முடிவு செய்வதும் தவறு. அமைந்ததாலேயே அது பண்பாட்டுக் கலப்பின் சான்று என்று கொள்வதும் தவறு. எழுத்தைப் படித்தாலன்றி எதுவும் சொல்ல இயலாது.

முகலாயர் காலத்து ‘முரக்கா’ என்னும் தொகுப்பேடுகளையும் இங்கு நினைவுகூர வேண்டும். அவற்றில் ஒருபுறம் ஓவியமும் மறுபுறம் கவின்கையெழுத்தும் அமையும். இரண்டுக்கும் பொருள் தொடர்பு இருக்க வேண்டுவதில்லை. மறுபயன்பாட்டை நியாயப்படுத்துவோர் இதனை முன்மாதிரியாகக் காட்டலாம். முரக்காவில் எழுத்தும் ஒரு கலைப்பொருளாகவே மதிக்கப்பெற்றது; பொன்னிறக் கரையிட்டு அதற்குத் தனிப்பக்கம் தந்தனர்; எழுதியவர் பெயரையும் போற்றினர். எழுத்தின்மேல் வண்ணத்தைப் பூசவில்லை. இவ்வேறுபாட்டை மறந்து இரண்டையும் ஒப்பிடுவது பொருந்தாது.

இதில் நுட்பமான மற்றொரு சிக்கலும் உண்டு. காலில் பட்ட தாளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே உள்ளது. இறைமொழி எழுதப்பெற்ற தாளைத் தரையில் விழவிடாது பேணுதல் இசுலாமியர் வழக்கம். எழுத்தறியாத ஓவியர் ஒருவர் தாம் வணங்கும் தெய்வத்தைப் பிறர் வணங்கும் நூலின்மேல் தீட்டிவிட நேர்ந்தால், இருதரப்பாரின் மதிப்பும் ஒருங்கே பழுதுபடுகின்றது. அவரிடம் தீய எண்ணம் இல்லை, வாங்குவோரிடமும் இல்லை. எழுத்தைப் படிக்க வல்லார் ஒருவர் இடையில் இல்லாமையே குறை.

அடையாளங் காணும் முறை

ஓவியம் நூலோடு பிறந்ததா, பின்னர் ஏறியதா என்பதை வெறுங்கண்ணாலும் உருப்பெருக்கிக் கண்ணாடியாலும் பெருமளவு அறியலாம்.

முதலில் வரிகளின் போக்கைக் காண வேண்டும். நூலோடு பிறந்த படத்துக்கு எழுத்தர் இடம் விட்டே எழுதுவார். வரி படத்தின் எல்லையில் நிறைவுறும். பின்னேறிய படத்தில் வரி உருவத்தின் அடியில் நுழைந்து மறுபக்கம் வெளிப்படும். சொல் பாதியில் மறைந்து மீதி அப்பால் தோன்றும். பாரசீகச் சுவடிகளில் எழுத்துப் பரப்பைச் சூழ்ந்து வண்ணக் கோடுகளால் ஒரு சட்டம் வரையப்பெற்றிருக்கும். நூலோவியர் அதனை மதித்து, மீறினும் கருதியே மீறுவார். பின்னேறிய படமோ அச்சட்டத்தைப் பொருட்படுத்தாமல் குறுக்கே செல்லும்.

அடுத்தது புழுத்துளை. சுவடிக்குப் புழுவே சாட்சி எனலாம். புழு படத்தையும் தாளையும் ஒருசேரத் துளைத்திருப்பின் துளையின் விளிம்பு கூராக, வண்ணம் அறுபட்டு நிற்கும். துளை முன்னரே இருந்து வண்ணம் பின்னர் ஏறியதாயின், வண்ணம் துளையின் உள்விளிம்பில் வழிந்து படிந்திருக்கும். ஓவியர் துளையைத் தவிர்த்துக் கோட்டை வளைத்திருப்பதும் உண்டு. நீர்க்கறைக்கும் இதுவே விதி. கறை தாளில் தொடர்ந்து ஓட, அதன்மேல் உள்ள வண்ணம் மட்டும் கறைபடாமல் தூய்மையாக இருப்பின், கறைக்குப் பின்னரே வண்ணம் வந்தது.

வண்ணத்தின் வேதியியலும் காலத்தைக் காட்டும். டைட்டானியம் வெள்ளை இருபதாம் நூற்றாண்டுக்குரியது. தாலோசயனின் நீலம் 1930களில் சந்தைக்கு வந்தது. இவை காணப்படின் ஓவியத்தின் புதுமை உறுதி. தாளின் பழமைக்கு இச்சோதனையால் கேடில்லை. தாளும் வண்ணமும் வெவ்வேறு காலத்தன என்பதே அதன் முடிவு.

இத்தாள்களைப் பற்றிய நல்லதொரு செய்தியும் உண்டு. ஓவியர் பெரும்பாலும் ஒருபுறத்தையே பயன்படுத்துகின்றனர். எனவே மறுபுறத்து எழுத்து முழுமையாக எஞ்சுகின்றது. முன்புறத்து எழுத்தும் முற்றிலும் அழிந்ததன்று. இந்தியச் சுவடிகளில் பெருவழக்கான மை, விளக்குக் கரியைப் பிசினில் குழைத்தது. கரி அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சும். வண்ணங்கள் பல அக்கதிரைத் தம்மூடே செல்ல விடும். அகச்சிவப்பு ஒளிப்படத்தில் கண்ணனின் பீதாம்பரத்துக்கு அடியிலுள்ள வரிகள் மீண்டும் தோன்ற வாய்ப்புண்டு. ஆகவே இவ்வேடு அழிந்ததாகக் கைவிடத்தக்கதன்று.

சட்டத்தின் நிலை

1972ஆம் ஆண்டு இயற்றப்பெற்று 1976இல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம், பொதுவான தொல்பொருளுக்கு நூறாண்டு எல்லை வகுத்தது. அறிவியல், வரலாறு, இலக்கியம் அல்லது அழகியல் மதிப்புடைய கையெழுத்துப்படிக்கும் ஆவணத்துக்கும் அவ்வெல்லை 75 ஆண்டு. தொல்பொருளை உரிமமின்றி வணிகம் செய்யலாகாது. தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. ஐயம் எழுமிடத்து ஒரு பொருள் தொல்பொருளா அன்றா எனத் தீர்மானிக்கும் அதிகாரம் இந்தியத் தொல்லியல் துறையிடம் உள்ளது.

‘தாள் பழையது, ஓவியம் புதியது’ என்னும் விற்பனைச் சொல்லை இச்சட்டத்தோடு வைத்து நோக்கினால் விந்தையானதொரு நிலை தோன்றும். வாங்குவோர்க்கு அச்சொல்லின் முற்பாதி கவர்ச்சி. பிற்பாதி, ஓவியம் தொல்பொருளன்று என்னும் ஆறுதல். சட்டத்துக்கோ முற்பாதியே முதன்மை. நூற்றைம்பது ஆண்டுப் பழமையுடைய இலக்கியச் சுவடியின் ஏடு, அதன்மேல் நேற்று விநாயகர் ஏறியதால் மட்டும் சுவடித் தன்மையை இழந்துவிடுமா? இழக்காது என்பதே என் கருத்து. ஒற்றை ஏட்டுக்கு இலக்கிய மதிப்பு உண்டோ என்று எதிர்வாதம் செய்யலாம். அவ்வாதத்தின் வலிமை, நூலை ஏடேடாகப் பிரித்த செயலிலிருந்தே பிறந்தது என்பதையும் கருத வேண்டும். விமான நிலையத்தில் பயணியின் பெட்டியைச் சோதிக்கும் அலுவலர் நஸ்தாலீக் படித்து நூலை அடையாளங் காண்பார் என எதிர்பார்ப்பதும் இயலாத ஒன்று. சட்டம் நூலைக் காக்க வேண்டிய இடம் ஓவியக் கூடத்துக்கு முந்தியது; சுவடி கட்டோடு கைமாறும் பழந்தாள் கடையே அது.

பட்டியலிடும் முறை

சிதறிய தொகுதிகள் மீண்டும் ஒன்றுசேரக்கூடும் என்பதற்கு மேலே குறித்த மேவார் இராமாயணம் சான்று. அதன் பெரும்பகுதி கர்னல் டாட் வழியாக இங்கிலாந்து சென்று இப்போது பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. வேறு பகுதிகள் மும்பையின் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்திலும் பிற இடங்களிலும் தங்கின. 2014இல் இவ்விரு நிறுவனங்களும் கூடி, 400க்கும் மேற்பட்ட ஓவியங்களைக் கொண்ட அத்தொகுதியை இணையத்தில் ஒன்றாக்கின. அரசவைத் தொகுதியாதலால் அதற்குப் புகழும் பொருளும் துணைநின்றன. பெயரறியாத மருத்துவச் சுவடிக்கு அத்துணை இல்லை. எனினும் ஏடுகளை இணைக்கும் குறிப்பு அதனிடத்தும் உண்டு.

நாகரிச் சுவடிகளில் ஏட்டின் பின்பக்கத்து ஓரத்தில், பெரும்பாலும் இடப்புற மேல்மூலையில், நூற்பெயரின் சுருக்கமும் ஏட்டெண்ணும் எழுதப்பெறும். வலப்புறக் கீழ்மூலையில் எண் மீண்டும் வரும். பாரசீகச் சுவடிகளில் பக்கத்தின் அடியில், அடுத்த பக்கத்தின் முதற்சொல்லைத் தனியே குறித்து வைப்பர். கட்டு அவிழ்ந்தாலும் ஏடுகளை வரிசைப்படுத்துவதற்காக முன்னோர் செய்துவைத்த ஏற்பாடு இது. ஓவியத்தைச் சட்டமிடும்போது இவ்வோரங்களே அட்டைக்கு அடியில் மறைகின்றன, அல்லது வெட்டப்படுகின்றன. ஓரத்தை வெட்டாதிருத்தல் என்னும் ஒன்றை மட்டும் சட்டமிடுவோரும் வாங்குவோரும் கடைப்பிடித்தால், பெரும்பகுதி காக்கப்பெறும்.

அருங்காட்சியகங்களும் நூலகங்களும் இத்தாள்களை நன்கொடையாகப் பெறும்போது, ‘கண்ணன், இராஜஸ்தானி பாணி, இருபதாம் நூற்றாண்டு, தாளில் வண்ணம்’ என ஒரு வரியில் பதிந்து முடிப்பது வழக்கம். ‘தாளில்’ என்னும் அச்சொல்லுக்குள் ஒரு நூல் புதைந்து கிடக்கின்றது. பதிவைத் தாளிலிருந்து தொடங்குதல் வேண்டும்: எழுத்து வகை, மொழி, ஒரு பக்கத்து வரிகளின் எண்ணிக்கை, எழுத்துப் பரப்பின் அளவு, ஓரக்குறிப்பு, ஏட்டெண், அடிச்சொல், முழுமையாகப் படிக்கத்தக்க முதல் வரி, இறுதி வரி. அதன் பின்னரே ஓவியத்தின் பொருளும் பாணியும் காலமும். ஒரே எழுத்தர் கையும் ஒரே வரியெண்ணிக்கையும் ஒரே பரப்பளவும் உடைய ஏடுகள் வெவ்வேறு ஊர்களின் பட்டியல்களில் காணப்படின், அவை ஒருநூலின் பகுதிகள் என ஊகிக்க இவ்விவரங்கள் போதும். அடிச்சொல் பொருந்தின் ஊகம் உறுதியாகும். மகாஜனி பகியாயின் நாளும் ஊரும் பெயர்களும் தெரியுமளவு பதிய வேண்டும். படிக்க இயலாவிடினும் இருபுறத்து ஒளிப்படமும் அளவுகோலோடு இணைக்கப்பெறுதல் வேண்டும்.

இத்தகைய ஏட்டுக்கு ஓவியப் பட்டியலில் ஓரெண்ணும் சுவடிப் பட்டியலில் ஓரெண்ணும் தந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் குறுக்குக் குறிப்பு இடலாம். இரண்டு துறையினர்க்கும் இது சிறுவேலையே. ஓவியத் துறையில் இருப்போர் பின்புறத்தையும் ஒளிப்படம் எடுக்க வேண்டும். சுவடித் துறையில் இருப்போர், சட்டத்துள் இருக்கும் விநாயகரைக் கண்டதும் இது தம் பொருளன்று என்று கடந்து செல்லாதிருக்க வேண்டும்.